பல் துலங்கிய பின் வரும் கூச்சம்

தட்சன் சிவபெருமானை இகழ்ந்து பேசியபோது பூஷன் என்னும் தேவன் பல் தெரியச் சிரித்தான். பின்னர் வீரபத்திரர் தோன்றித் தட்சனின் வேள்வி அழிந்த நாளில் அந்தப் பற்கள் தகர்ந்தன என்று பாகவதம் கூறுகிறது. சினம் தணிந்த ஈசன், பூஷன் இனி மாவை உண்பவனாக இருக்கட்டும் என்று அருளினார். வேத வேள்விகளில் பூஷனுக்கு மாவாலான அவிசு அளிக்கும் வழக்கமும் உண்டு. தட்சனின் வேள்வி அழிந்த தலமாக, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருப்பறியலூர் போற்றப்படுகிறது. அட்ட வீரட்டத் தலங்களுள் அதுவும் ஒன்று.

தேவனுக்கே பல் போனால் உணவு மாறிவிடுகிறது. மனிதருக்கோ உணவோடு சொல்லும் மாறிவிடுகிறது. 'பல் போனால் சொல் போச்சு' என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது வேடிக்கைக்காக அன்று. மேற்பல்லின் அடியில் நாவின் நுனி படிந்தால்தான் நகரம் பிறக்கும் என்பதும், மேற்பல்லும் கீழுதடும் பொருந்தினால்தான் வகரம் பிறக்கும் என்பதும் தமிழ் இலக்கணம் கூறும் முறை. திருவைந்தெழுத்தை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். முதலில் நிற்கும் நகரத்துக்கும், நான்காவதாக நிற்கும் வகரத்துக்கும் பல்லின் துணை வேண்டும். எட்டெழுத்து மந்திரத்திலும் பிரணவத்தை அடுத்து வருவது நகரமே. ஆகவே நாள்தோறும் பாராயணம் செய்யும் பெரியவர்களுக்குப் பல் என்பது மெல்லுவதற்கு மட்டும் உரிய கருவி அன்று. அது வழிபாட்டுக்கு உரிய கருவியும் ஆகும்.

அந்தக் கருவியைக் காக்கச் செய்யப்படும் எளிய சிகிச்சைதான் பல் சுத்தம் செய்தல். மருத்துவர்கள் இதனை ஸ்கேலிங் என்பர். ஆனால் முதியோர் பலர் இதற்கு ஒருமுறை சென்றுவிட்டு, மறுமுறை செல்ல மறுத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் நடப்பதாக இதனை எண்ணிப் பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவரை மகன் வற்புறுத்தி அழைத்துச் சென்று பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். மறுநாள் காலை வாய் கொப்பளிக்கையில் குளிர்ந்த நீர் பட்டுப் பல் சுரீர் என்று கூசுகிறது. ஈறு வலிக்கிறது. துப்பும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கிறது. பல்லிடையில் நாக்கை வைத்தால் புதிதாக இடைவெளி தெரிகிறது. "நன்றாக இருந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துவிட்டார்கள்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அதன் பின் அவர் பல் மருத்துவரிடம் செல்வதே இல்லை. சில ஆண்டுகளில் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடத் தொடங்குகின்றன. அப்போதும் பழி அந்த ஒருநாள் சிகிச்சையின் மேலேயே விழுகிறது.

உண்மை இதற்கு நேர் எதிரானது. சுத்தம் செய்த பின் வரும் கூச்சமும் ஈறு வலியும் பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடுபவை. அந்தச் சில நாள்களைக் கடக்கத் தெரியாமல் சிகிச்சையையே கைவிடுவதுதான் பல்லுக்கு வரும் பெரிய கேடு.

கூச்சம் ஏன் வருகிறது?

உணவு உண்டபின் பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய அழுக்குப் படலத்தை அன்றன்றே துலக்கி நீக்காவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாள்களிலேயே கெட்டியாகத் தொடங்கும். அதுவே காரை. உமிழ்நீர் சுரந்து வரும் வாயில்களுக்கு அருகில், அதாவது கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும், அது மிகுதியாகப் படியும். கட்டாமல் விட்ட கடனுக்கு வட்டி ஏறுவது போல, காரையின் மேல் அழுக்கும் அழுக்கின் மேல் காரையும் ஏறிக்கொண்டே போகும். ஈறு அதனால் வீங்கும், சிவக்கும், இரத்தம் கசியும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும்.

கெட்டியான காரை பிரஷுக்கோ பற்பொடிக்கோ அசையாது. ஒரு நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் நுண்ணிய கருவியின் முனையால் அதைத் தட்டிப் பெயர்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். ஈறுக்குக் கீழே காரை இறங்கியிருந்தால், அங்கும் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். முறையாகச் செய்யும்போது பல் தேய்வதில்லை. பெயர்வது காரை மட்டுமே.

பல்லின் தலைப்பகுதியை எனாமல் என்னும் கடினமான கவசம் மூடியிருக்கிறது. வேர்ப்பகுதிக்கு அத்தகைய கவசம் இல்லை. அங்கே ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே உண்டு. அதற்கு அடியில் உள்ள டென்டின் என்னும் பகுதியில் மயிரிழையினும் நுண்ணிய குழல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை பல்லின் உள்ளே உயிரோட்டமுள்ள பகுதியை நோக்கிச் செல்கின்றன. வயது ஏற ஏறப் பலருக்கு ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். அதுவரை காரை ஒரு போர்வையைப் போல அவ்வேரை மூடியிருக்கும். போர்வை விலகியதும் குளிரும் சூடும் புளிப்பும் இனிப்பும் நேரே படுகின்றன. குழல்களில் உள்ள நீர்மம் அசைகிறது, நரம்பு துணுக்குறுகிறது. சுரீர் என்று வந்து உடனே மறையும் கூச்சத்தின் காரணம் இதுவே. நாள் செல்லச் செல்ல உமிழ்நீரின் தாதுக்கள் அந்தக் குழல்களின் வாயை மெல்ல அடைத்துவிடும். கூச்சமும் குறைந்துவிடும்.

ஈறு வலிக்கும் காரணம் எளியது. முன்னரே வீங்கிப் புண்பட்டிருந்த ஈறின் ஓரத்தில் கருவி படுவதால் சற்று நோகிறது. சாதாரணச் சுத்தத்துக்குப் பின் இந்த நோவு ஒன்று முதல் மூன்று நாள்களில் அடங்கிவிடும். ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்திருந்தால் ஒரு வாரம் வரை இருக்கலாம். கூச்சம் பெரும்பாலும் சில நாள்களிலும், சிலருக்கு இரண்டு வாரங்களிலும் தணியும். ஆழமான சுத்தத்துக்குப் பின் அது இன்னும் சில வாரங்கள் நீடிப்பதும் உண்டு.

பல் ஆடுவது போலத் தோன்றுவது

'சுத்தம் செய்ததால் பல் ஆடுகிறது' என்பது பலரும் சொல்லும் குறை. பல்லைத் தாங்க வேண்டியவை ஈறும் எலும்பும். அவை பலவீனப்பட்ட பின், பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்து போலக் காரை பிணைத்து வைத்திருக்கும். அதை அகற்றியதும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல் சற்று நீண்டது போலவும், இடைவெளி விழுந்தது போலவும் தோன்றும். இவை நோய் கூடியதன் அடையாளம் அல்ல. வீக்கம் வடிந்து ஈறு பல்லை இறுகப் பற்றத் தொடங்கினால், இலேசான ஆட்டம் குறைவதும் உண்டு. ஆட்டம் மிகுதியாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெற வேண்டும்.

முதல் நாள் முறைகள்

மரத்துப்போகும் ஊசி போட்டுச் சுத்தம் செய்திருந்தால், உதடும் நாக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் உணர்வற்று இருக்கும். அதுவரை எதையும் மெல்லக் கூடாது. தெரியாமல் நாக்கையோ கன்னத்தையோ கடித்துக்கொள்ள நேரும். கொதிக்கும் காப்பியும் கூடாது. சுட்டாலும் சுடுவது தெரியாது.

ஊசி போடாதவர்கள் வெதுவெதுப்பான, மென்மையான உணவை உடனே உண்ணலாம். குழைந்த பருப்புச் சாதம், இட்லி, இடியாப்பம், ரவைக் கஞ்சி, மிளகைப் பொடித்துப் போட்ட வெண்பொங்கல் ஆகியவை ஏற்றவை. தயிர்ச்சாதம் வேண்டுமானால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிர் ஆகாது. புளிக்காத புதுத்தயிரைக் குளிர்ச்சி போக வெளியே வைத்திருந்து சேர்க்கலாம். மிகுந்த சூடும் மிகுந்த குளிரும் ஒருசேர ஆகாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மெதுவாகக் கொப்பளிப்பது ஈறுக்கு இதம் தரும். ஆழமான சுத்தம் செய்துகொண்டவர்கள் முதல் நாளில் வேகமாகக் கொப்பளிக்காமல், நீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்துத் துப்பினால் போதும். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இந்த நீரை விழுங்கிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்.

எச்சிலில் இளஞ்சிவப்பு நிறம் ஓரிரு நாள் தென்படுவது இயல்பே. சற்றுக் கூடுதலாகக் கசிந்தால், தூய்மையான மெல்லிய துணியை நனைத்து மடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். அடிக்கடி துப்புவதும் நாக்கால் துழாவுவதும் கசிவை நீட்டிக்கும்.

வலி பொறுக்க முடியாவிட்டால் பாரசிட்டமால் மாத்திரையை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதையும் கேட்ட பின்பே எடுக்க வேண்டும். இப்யூபுரூஃபன் போன்ற பிற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்றவை அல்ல. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்போருக்குக் கசிவையும் கூட்டும். கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பதை முதியவர்கள் தவிர்ப்பது நலம்.

முதல் இரண்டு வாரங்கள்

வலிக்கிறது என்று பல் துலக்குவதை நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. துலக்காத ஈறின் மேல் மறுபடி அழுக்குப் படியும், ஈறு ஆறாது, வலி நீளும். மிக மென்மையான பிரஷை வாங்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறு சிறு வட்டமாக இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். காலையும் இரவும் இரண்டு வேளை துலக்குவது அவசியம்.

கூச்சத்தைத் தணிக்கும் பற்பசைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்தவை நரம்பின் துணுக்குறுதலைத் தணிக்கின்றன. வேறு சில வகைகள் நுண்குழல்களின் வாயை அடைக்கின்றன. ஒருநாள் துலக்கிவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்கக் கூடாது. முழுப் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பட்டாணி அளவு பசை போதும். துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, நீரூற்றிப் பலமுறை கொப்பளிக்காமல் விட்டால் மருந்து பல்லில் தங்கும். இரவில் படுக்கும் முன் கூசும் இடத்தில் விரல் நுனியால் சிறிது தடவிக்கொள்வதும் நல்லது.

இந்த நாள்களில் எலுமிச்சைச் சாறு, புளிக்குழம்பு, ஊறுகாய், அன்னாசி போன்ற புளிப்புப் பொருள்களைக் குறைக்க வேண்டும். உண்டுவிட்டால் உடனே பல் துலக்கக் கூடாது. புளிப்புப் பட்ட பல்லின் மேற்புறம் சிறிது நேரம் இளகியிருக்கும். வெறும் நீரால் கொப்பளித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும். முறுக்கு, சீடை, அப்பளம் போன்றவற்றின் கூரிய துணுக்குகள் புண்பட்ட ஈறைக் குத்தும். எள், கசகசா போன்ற சிறு மணிகள் ஈறின் இடுக்கில் சிக்கும்.

மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்னும் கொப்பளிப்பு மருந்தைத் தந்திருந்தால், பற்பசைக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விட வேண்டும். அவர் சொன்ன நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

கைவைத்தியம் எதுவரை?

ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதி என்று போற்றிய மரபு தமிழ் மரபு. அந்தக் குச்சிகளைப் பழித்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவற்றை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் முன்னோர் நூல்கள் சொல்லியிருக்கின்றன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூல், பல்லின் தசையாகிய ஈறு புண்படாதவாறு பல் துலக்க வேண்டும் என்கிறது. வாய் வெந்து புண்ணானவர்கள் பற்குச்சியைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது விலக்குகிறது. எனவே சுத்தம் செய்த பின் சில வாரங்களுக்குக் குச்சியை எடுத்து வைத்துவிட்டு மென்மையான பிரஷைக் கையாள்வது மரபுக்கு மாறானது ஆகாது.

சாம்பல், கரித்தூள், செங்கற்பொடி, கல்லுப்பு ஆகியவற்றை விரலால் தேய்ப்பது வேரின் மெல்லிய பூச்சை உராய்ந்து கூச்சத்தைப் பெருக்கும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைத்தால் தசை வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கி வைக்கும் பழக்கமும் ஈறைப் புண்ணாக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் ஈறு ஆறிய பின் அதைத் தொடரலாம். ஆனால் எண்ணெய் காரையைக் கரைக்காது. பல் துலக்குவதற்கு அது மாற்றும் அன்று.

பிரசாதமும் தீர்த்தமும்

பக்தர்களுக்கு ஒரு தயக்கம் எழுவது இயல்பு. கோயிலில் தரும் பிரசாதத்தைப் பல் கூசுகிறது என்று மறுக்கலாமா? மறுக்க வேண்டியதே இல்லை. பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிறு துளியை நாவில் இட்டு, மீதியை வீட்டிலுள்ள பேரன் பேத்திகளுக்குப் பகிர்ந்தால் பிரசாதத்தின் பெருமை குறையாது.

பெருமாள் கோயிலில் பச்சைக் கற்பூரமும் துளசியும் சேர்ந்த தீர்த்தம் மார்கழியில் பனிநீர் போலக் குளிர்ந்திருக்கும். அதை உள்ளங்கையில் ஒரு கணம் ஏந்தியிருந்து, முன்பல்லில் படாமல் நாவின் நடுவில் விட்டு விழுங்கினால் கூச்சம் தெரியாது. அக்காரவடிசிலும் சர்க்கரைப் பொங்கலும் மென்மையானவையே. எனினும் அவை இனிப்பு ஆதலால் உண்ட பின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பழநிப் பஞ்சாமிர்தமும் அவ்வாறே. வெல்லமும் தேனும் பல்லில் ஒட்டும். புளியோதரையை ஓரிரு வாரம் ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அனுமனுக்குச் சாற்றிய மொறுமொறுப்பான வடையைக் கடிக்காமல், பொடித்து மோரிலோ சாதத்திலோ ஊறவைத்து உண்ணலாம். திருமலை லட்டுவை உதிர்த்து, அதிலுள்ள கற்கண்டைத் தனியே எடுத்துவிட வேண்டும். அந்தச் சிறு கற்கண்டு கூசும் பல்லுக்கு நடுவே அகப்பட்டால் வலி தாங்காது.

தாம்பூலத்தை மங்கலப் பொருளாக ஏற்றுப் பூசையறையில் வைக்கலாம், மெல்ல வேண்டாம். பாக்கும் சுண்ணாம்பும் புண்பட்ட ஈறுக்குப் பகை. பாக்கு வாய்ப்புற்றுக்கும் காரணமாவது என்பதால், ஈறு ஆறிய பின்னும் அதை விட்டுவிடுவதே நல்லது.

விடியற்காலைப் பனியில் திருப்பாவை, திருவெம்பாவை பாடச் செல்பவர்கள் வாயை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும். குளிர்ந்த காற்றுப் பட்டாலே கூசும் பல் துணுக்குறும். துணியால் வாயை மறைத்துக்கொண்டு செல்வதும் உதவும். ஈறு நோகும் ஓரிரு நாள்களுக்கு உரத்த பாராயணத்தை ஒதுக்கிவைப்பதாலும் குறை ஏதும் இல்லை. உரக்கச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசையச் சொல்வது உபாம்சு, மனத்துள்ளே சொல்வது மானசம் என்று ஜபத்தை மூவகையாகப் பகுத்த பெரியோர், மானசத்தையே அவற்றுள் உயர்ந்ததாகக் கொண்டனர். பல் ஓய்வெடுக்கும் நாள்களில் உள்ளம் ஜபிக்கட்டும்.

விரத நாள்களில்

சில திதிகளில் பற்குச்சியால் பல் துலக்கக் கூடாது என்று தர்ம சாஸ்திரங்கள் விலக்குகின்றன. அந்நாள்களில் பன்னிரண்டு முறை நீரால் வாய் கொப்பளித்துத் தூய்மை செய்ய வேண்டும் என்றும் அவையே சொல்கின்றன. விலக்கப்பட்டது குச்சிதான், வாய்த் தூய்மையை எந்த நூலும் விலக்கவில்லை. குடும்ப வழக்கத்தைக் கடுமையாகக் காப்பவர்கள், முந்தைய இரவு நன்றாகத் துலக்கிவிட்டு, விரத நாளில் பன்னிரண்டு முறை கொப்பளிக்கலாம். அந்த நீரில் வெதுவெதுப்பும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் ஈறுக்கும் மருந்தாகும். பற்பசையைத் துப்பிவிடுவதால் விரதம் கெடுமோ என்று அஞ்சுவோர், தம் குடும்பப் பெரியவரைக் கேட்டு ஒரு முடிவு செய்துகொள்ளலாம்.

சுத்தம் செய்யும் நாளை ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி ஆகிய உபவாச நாள்களில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு சிகிச்சை நாற்காலியில் அமரக் கூடாது. காலை உணவும் வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டு முற்பகலில் செல்வதே ஏற்றது. திருக்கல்யாணம், தேர், தலயாத்திரை போன்றவை இருந்தால், இரண்டு வாரங்களுக்கு முன்பே சுத்தத்தை முடித்துவிட்டால் பயணத்தில் கூச்சம் தொல்லை தராது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

முதியவர்கள் தாம் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உண்பவர்கள் இரத்தம் வருமே என்று அஞ்சித் தாமாக நிறுத்தக் கூடாது. அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் நேரக்கூடும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்குச் சுத்தம் செய்வதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதையும், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்தும். உமிழ்நீர் குறைந்தால் கூச்சமும் சொத்தையும் பெருகும். இத்தகையோர் சிறிது சிறிதாக நீர் அருந்திக்கொண்டே இருப்பது நல்லது. சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் பெருகும். ஈறு நோய் பெருகினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறைக் காப்பது அவர்களுக்கு உடல் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும்.

எப்போது மீண்டும் செல்ல வேண்டும்?

குளிர் பட்டதும் வந்து, குளிர் நீங்கியதும் மறையும் கூச்சம் அச்சப்பட வேண்டியதன்று. ஆனால் குளிரோ சூடோ படாதபோதே பல் விண்விண் என்று தெறித்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலும், பட்ட கூச்சம் அடங்காமல் நீண்ட நேரம் நின்றாலும் அது சொத்தை, விரிசல், உள்நரம்பின் அழற்சி ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். ஈறு வீங்கிச் சீழ் வைத்தல், காய்ச்சல், முகம் வீங்குதல், அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் கூச்சம் குறையவில்லை என்றாலும் சென்று காட்ட வேண்டும். வேரின் மேல் பூசும் வார்னிஷ் போன்ற மருந்துகளால் அதைத் தணிக்க வழி உண்டு.

அடுத்த முறை செல்லும்போது, சென்ற முறை எத்தனை நாள் கூசியது, எந்தப் பக்கம் கூசியது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவியின் வேகத்தைக் குறைக்கவும், வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்தவும், ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாள்களாகப் பிரித்துச் செய்யவும் மருத்துவரால் இயலும். இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே கூச்சம் தணிக்கும் பற்பசையால் துலக்கி வருவதும் பயன் தரும். காரை சிறிதாக இருக்கும்போதே சென்றால் பெயர்க்க வேண்டியதும் சிறிது; நோவும் சிறிது. பத்தாண்டுக் காரையை ஒரே நாளில் எடுப்பவருக்கு வரும் கூச்சம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மருத்துவர் குறித்த காலத்திலோ செல்பவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

கோயில் விக்கிரகங்களுக்கும் விளக்குகளுக்கும் ஆண்டுதோறும் காலம் குறித்து மெருகேற்றுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும்போது கை கொஞ்சம் எரியத்தான் செய்யும். அதற்காக எந்த வீட்டிலும் விளக்கைத் துலக்காமல் விடுவதில்லை. இறைவனின் நாமத்தைச் சொல்லும் வாய்க்கும் அந்த மரியாதை உரியது. சதாபிஷேகம் கண்ட வயதிலும் ஐந்தெழுத்தின் நகரமும் வகரமும் தெளிவாக ஒலிக்க வேண்டுமானால், இரண்டு வாரக் கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவர் குறித்துத் தந்த அடுத்த தேதியை வீட்டு நாள்காட்டியில், பிரதோஷத்தையும் ஏகாதசியையும் குறிப்பது போலவே குறித்து வைக்கலாம்.